கணக்குப்பிள்ளை பதில்கள்: 'நாளைக்குப் பார்ப்போம்'

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைத்தான் பேசுகின்றன. சொந்தத் தொழில், ஏன் என்று கேட்க ஆளில்லை, வேலை தள்ளிக்கொண்டே போகிறது. அதனால் வழக்கமான வரி, வட்டிக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டேன். ஒத்திவைப்பதைப் பற்றி எழுதுவதற்காகத்தான் ஒத்திவைத்தேன். சிரிக்காதீர்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன் அண்ணாச்சி. ஒருநாள் கூட லேட்டாகப் போனதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து, வீட்டு முன்னறையிலேயே தையல் கடை போட்டிருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், ஆரி வேலை எல்லாம் உண்டு. மெஷினில் உட்கார்ந்துவிட்டால் நன்றாகத்தான் தைக்கிறேன். உட்காருவதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது. துணி கொடுத்தவர்கள் போன் செய்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. நான் சோம்பேறியா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

சோம்பேறிக்குப் போன் அடித்தால் பயம் வராது தாயி. நிம்மதியாக எடுத்து, "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். உங்களுக்கு வந்திருப்பது வேறு.

பனியன் கம்பெனியில் எந்த ஸ்டைல் முதலில், எந்த லைனில், எத்தனை பீஸ், ஷிப்மென்ட் எப்போது என்று யாரோ ஒருவர் முடிவு செய்து பலகையில் எழுதிப் போட்டுவிடுவார். நீங்கள் அதை நடத்திக் காட்டினீர்கள். இப்போது அந்த முடிவு செய்கிற வேலையும் உங்கள் தலையில். உங்கள் கடையில் தைக்கும் ஆளுக்கு ஒரு குறையும் இல்லை. மேனேஜர்தான் வேலைக்கு வரவில்லை.

ஒரு காரியம் செய்யுங்கள். துணிக் கவர்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் ஆக அடியில் கிடப்பது யாருடையது என்று எடுத்துப் பாருங்கள். அது கஷ்டமான தையலாக இருக்காது. அளவு பிளவுஸ் வாங்க விட்டுப்போன துணியாக இருக்கும். போன தடவை 'கை இறுக்குது' என்று முகம் சுளித்தவருடையதாக இருக்கும். அல்லது கூலி பேசாமல் வாங்கி வைத்த சொந்தக்காரர் துணி. திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் பல கடைகளுக்குப் பேரேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், தள்ளிப்போகிற வேலைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஆள் நிற்பார். வேலையைக் கண்டு நாம் பயப்படுவதில்லை, அந்த ஆளைக் கண்டுதான் பயப்படுகிறோம். ஆகவே முதலில் மெஷினுக்குப் போகாதீர்கள், போனுக்குப் போங்கள். "மதினி, கை அளவு ஒரு தடவை சரிபார்த்துக்கிடணும், சாயந்தரம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." அவ்வளவுதான். கூலி பேசாதவரிடம் கூலியைச் சொல்லிவிடுங்கள். அடியில் கிடந்த கவர் அன்றைக்கே மேலே வந்துவிடும்.

அப்புறம், காலையில் உட்கார முடியவில்லை என்பதற்கு மருந்து முந்தின ராத்திரியில் இருக்கிறது. படுக்கப் போகுமுன் மறுநாள் தைக்க வேண்டிய முதல் பிளவுஸை வெட்டி, நிறத்துக்கு நூல் மாற்றி, பாபினைச் சுற்றி வையுங்கள். ஒரு பக்கத் தோள் தையலைப் பாதி ஓட்டி, துணியை மெஷினின் பாதத்தடியிலேயே விட்டுவிட்டு எழுந்திருங்கள். பாதித் தையலைப் பார்த்துவிட்டுச் சும்மா போக எந்தத் தையல்காரருக்கும் மனசு வராது. முடிப்பதற்கென்று உட்காருவீர்கள், அது முடிந்ததும் கை தானாக அடுத்ததை எடுக்கும்.

துணி வாங்கும்போதே அட்வான்ஸ் வாங்குங்கள். கவரின் மேல் தேதியை அவர் கண் முன்னால் எழுதுங்கள். எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை என்று சொல்வது தையல் கடைகளின் பழைய வியாதி. வாசலில் 'காலை 10 முதல் 1 வரை' என்று ஒரு அட்டை தொங்கட்டும். வாடிக்கையாளருக்காக இல்லை. 'நீ வீட்டுலதானே இருக்கே, அந்த மாவை ஆட்டிடேன்' என்று வருகிற குரலுக்காக.

தினமும் காலையில் தொழில் முன்னேற்ற வீடியோக்கள் பார்க்கிறேன். பார்க்கும்போது ரத்தம் சூடாகிறது. முடிந்ததும் ஆறிவிடுகிறது. எந்த மாதிரி வீடியோ பார்த்தால் இது நிற்கும்?
– மொபைல் சர்வீஸ் கடைக்காரர், பாளையங்கோட்டை

அந்த வீடியோவில் பேசுகிறவர் அதை எடுத்து, வெட்டி, ஏற்றித் தன் அன்றைய வேலையை முடித்துவிட்டார் தம்பி. பாக்கி இருப்பது உங்களுடையதுதான். நேற்று ராத்திரி பிரித்துப் போட்ட போன் ஒன்று மேஜையில் கிடக்குமே, அதன் ஸ்குரூவை எல்லாம் மாட்டிவிட்டு அப்புறம் பாருங்கள்.

டவுனில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள். நாலு மாதமாக ஜிஎஸ்டி 3பி, அதுதான் மாதா மாதம் வரியைக் கணக்குக் காட்டிக் கட்டுகிற ரிட்டர்ன், போடவில்லை. முதல் மாதம் பில் சேரவில்லை என்று விட்டேன், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆடிட்டர் ஆபீஸ் இருக்கும் தெருவில் போகாமல் சுற்றிப் போகிறேன். லட்சக்கணக்கில் அபராதம் வரும் என்கிறார்கள். தூக்கம் இல்லை.
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி டவுன்

பார்த்தீர்களா, இங்கேயும் ஒரு ஆள் நிற்கிறார். இவர் ஆடிட்டர்.

முதலில் பயத்தைக் கணக்காக மாற்றுவோம். வரி கட்ட வேண்டிய மாதத்துக்கு 3பி தாமதமானால் லேட் ஃபீ ஒரு நாளைக்கு 50 ரூபாய், மத்திய அரசுக்கு 25, மாநிலத்துக்கு 25. விற்பனையே இல்லாத மாதமென்றால் 20 ரூபாய். ஆனால் இது முடிவில்லாமல் ஏறாது. உங்கள் விற்றுமுதலுக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய்தான் உச்சவரம்பு. நாற்பது நாளில் அந்த வரம்பைத் தொட்டுவிடும், அதற்கு மேல் நிற்கும். நாலு மாதத்துக்கு எல்லாம் உச்சத்தில் போட்டாலும் 8,000. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது நீங்கள் கொடுத்த வரியை, கழித்தது போகப் பணமாகக் கட்ட வேண்டிய தொகைக்கு மட்டும். மாதம் பத்தாயிரம் கட்ட வேண்டியவர் என்றால் ஒரு மாதத் தாமதத்துக்கு 150 ரூபாய். 'லட்சக்கணக்கில்' என்று சொன்னவர் யாரோ, அவரிடம் இனி கணக்குக் கேட்காதீர்கள்.

நஷ்டம் இருப்பது வேறிடத்தில். அடுத்தடுத்து இரண்டு ரிட்டர்ன் விட்டாலே நீங்கள் அனுப்பும் சரக்குக்கு இ-வே பில், அதாவது வண்டியில் கூடப் போக வேண்டிய அனுமதிச் சீட்டு, எடுக்க முடியாமல் போகும். முந்தைய மாத 3பி போடாவிட்டால் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைப் பட்டியலை ஏற்றவும் வழி அடைபட்டுவிடும். அதை ஏற்றவில்லை என்றால் உங்களிடம் பைப்பும் வால்வும் வாங்கிய கான்ட்ராக்டருக்கு, அவர் கொடுத்த வரி கழித்துக்கொள்ளும் வரவாகக் கணக்கில் ஏறாது. அவர் உங்களிடம் வந்து சண்டை போட மாட்டார், பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மாதா மாதம் போடுகிறவர்கள் தொடர்ந்து ஆறு மாதம் விட்டால் பதிவையே ரத்து செய்யலாம். நீங்கள் நாலில் இருக்கிறீர்கள். எனவே இது இந்த வாரத்து வேலை.

பில்களை ஆள் வாரியாகப் பிரிக்க உட்காராதீர்கள், அதில்தான் மறுபடியும் நாள் போகும். மாதத்துக்கு ஒரு கேரி பேக் எடுத்துத் தேதியை மட்டும் பார்த்துப் போடுங்கள். கிடைக்காத கொள்முதல் பில்லுக்காக நிற்க வேண்டாம், சப்ளையர் ஏற்றியிருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் தானாக வருகிற கொள்முதல் பட்டியலான உங்கள் 2பி-யில் அது தெரியும். அப்படியே கொண்டுபோய் ஆடிட்டர் மேஜையில் வையுங்கள். பழைய மாதத்திலிருந்துதான் வரிசையாகப் போட முடியும், நடுவில் தாண்ட முடியாது. ஆடிட்டர் திட்டுவார். ஐந்து நிமிஷம் திட்டுவார், அப்புறம் டீ சொல்லுவார். உங்களைப் போல மாதத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறாரோ. திட்டுக்குப் பயந்து தெருவைச் சுற்றிப் போனவர்களில் அவர் பார்க்கிற முதல் ஆளாக நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து கோடிக்குள் விற்றுமுதல் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடலாம் என்ற வசதி இருக்கிறது. யாராவது உங்களை அதற்கு மாறச் சொன்னால் மாறாதீர்கள். நடுவிலுள்ள இரண்டு மாதமும் 25-ம் தேதிக்குள் வரியைக் கட்டத்தான் வேண்டும், பில்லைச் சேர்த்து வைக்க மட்டும் கூடுதல் காலம் கிடைக்கும். ஒழுங்காக இருப்பவர்களுக்கு அது நல்ல வசதி. உங்கள் சுபாவத்துக்கு 20-ம் தேதி கழுத்துக்கு நேராக வந்து நிற்பதுதான் நல்லது.

அண்ணாச்சி, சாரல் தொடங்கிவிட்டது. காற்றடித்தால் கடையில் உட்காரவே மனசில்லை. டிசைன் வேலைகள் கிடக்கின்றன.
– விளம்பர டிசைன் கடை, தென்காசி

சாரலில் வேலை ஓடாததற்கு நான் மருந்து சொன்னால் தென்காசிக்குள் என்னை யாரும் சேர்க்க மாட்டார்கள். விடியுமுன் குற்றாலம் ஐந்தருவிக்குப் போய் ஆசை தீரக் குளித்துவிட்டு வாருங்கள். இல்லை, இன்றைக்கு ஓய்வுதான் என்றால், 'மாலை 4 மணிக்குத் திறக்கப்படும்' என்று எழுதித் தொங்கவிட்டு வீட்டில் படுத்துத் தூங்குங்கள். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஜன்னல் வழியே மலையைப் பார்ப்பது இருக்கிறதே, அதில் வேலையும் நடக்காது, அருவியும் கிடைக்காது.

எங்கள் வீட்டில் கோரைப் பாய் நெசவு. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயர் போட்டு நெய்து தருவோம். ஜனவரியில் வெளியூர்க் கடை ஒன்றுக்குச் சரக்கு அனுப்பினேன். பாதிப் பணம் வந்தது, மீதி ஆறு மாதமாக நிற்கிறது. தினமும் காலையில் கேட்க வேண்டும் என்று நினைப்பேன், சாயந்தரம் நாளைக்குக் கேட்போம் என்று விட்டுவிடுவேன். கேட்டால் தப்பாக நினைத்து அடுத்த ஆர்டரை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.
– வாசகி, பத்தமடை

தங்கச்சி, ஆற்றில் ஊறப்போட்ட கோரையை 'நாளைக்கு எடுப்போம்' என்று விட்டுவிடுவீர்களா? மாட்டீர்கள். நாள் தப்பினால் அழுகிப்போகும் என்று தெரியும். பாக்கி கேட்கிற வேலை அழுகுவது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் நிற்கிறது. ஆனால் அதுவும் கெட்டுத்தான் போகிறது. ஆர்டர் கொடுத்த மேனேஜர் வேலையை விட்டுப் போவார், பில் காணாமல் போகும், 'எந்தப் பாய்?' என்று கேட்பார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பணம் கேட்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். 'எப்படி இருக்கீங்க, மழை உண்டா, பிள்ளைக என்ன படிக்கி' என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவோம். அதனால் பணத்தைக் கேட்காதீர்கள், தேதியைக் கேளுங்கள். இப்படி:

"சார், பத்தமடையிலிருந்து பேசுதேன். ஜனவரியில அனுப்புன கல்யாணப் பாய் பில்லுல பாதி பாக்கி இருக்கு. இந்த வாரம் எந்தக் கிழமை போடுவீங்கன்னு சொன்னீங்கன்னா, நான் கோரைக்காரருக்கு அந்த நாளைச் சொல்லிருவேன்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டமான இடம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்த மௌனம் தாங்காமல் நீங்களே, 'இல்ல சார், ஒண்ணும் அவசரம் இல்ல' என்று சொல்லிவிடுவீர்கள். அதோடு ஆறு மாதம் ஏழு மாதமாகும். பேசாமல் இருங்கள். அவர் 'வியாழக்கிழமை' என்பார். உடனே பில்லைப் போட்டோ எடுத்து, 'வியாழக்கிழமை போடுவதாகச் சொன்னதற்கு நன்றி' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலை பணம் வரவில்லை என்றால் அதே செய்திக்குக் கீழே அடுத்த செய்தி.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு தொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் வட்டிக்கு வட்டியாக. போதாததற்கு, 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டிய அந்தப் பாக்கியைக் கொடுத்து முடிக்கிற வரைக்கும் வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் நெருங்கும்போது அவருடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்லுவார்.

இதெல்லாம் கிடைக்க உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு வேண்டும். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்திலேயே போடலாம், கட்டணம் கிடையாது. இதுவரை பதியாமல் இருந்திருந்தால், இப்போது பதிந்து இந்தப் பழைய பாக்கிக்கு அதை நீட்டுவது சிரமம், இனி அனுப்பும் சரக்குக்கு உதவும். பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் பணம் வரவேண்டிய தேதியையும் அச்சடித்துவிடுங்கள். அதற்கும் மசியாதவர் மேல், இதற்கென்று அரசு நடத்துகிற இணையதளத்தில் புகார் போட வழியுண்டு. எடுத்த எடுப்பில் அதைக் காட்ட வேண்டாம்.

அடுத்த ஆர்டர் போய்விடும் என்கிறீர்கள். பாதிப் பணத்தில் ஒரு பாய் நெய்தால் தறியில் உட்கார்ந்தவருக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி விழுகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் அந்த ஆர்டர் வேண்டுமென்றால், முன்பணம் வாங்கிக்கொண்டு எடுங்கள்.

எங்கள் மளிகைக் கடையில் கம்ப்யூட்டர் பில்லிங் போடலாம், கடைக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னால், 'ஆடித்தபசு கழியட்டும்' என்பார். கழிந்ததும் 'தீபாவளி கழியட்டும்', அப்புறம் 'தை பிறக்கட்டும்'. மூன்று தை பிறந்துவிட்டது. பெரியவரின் தள்ளிப்போடும் பழக்கத்தை எப்படி மாற்றுவது?
– வாசகர், சங்கரன்கோவில்

இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். பிரிப்போம்.

பில்லிங் விஷயத்தில் அப்பா சொல்வதில் ஞாயம் இருக்கிறது. தபசுக் கூட்டத்தில், தீபாவளிச் சரக்கு இறங்கும் நேரத்தில் கல்லாவில் புது மெஷினை வைத்தால் கடை முழுக்க நின்றுபோகும். தள்ளிப்போடுவது எல்லாமே தப்பில்லை. தேதி சொல்லித் தள்ளினால் அது திட்டம்தான். ஆகவே, 'எப்போது போடலாம்?' என்று கேட்காமல், 'நமக்குக் கை ஓய்வான மாசம் எது அப்பா?' என்று கேளுங்கள். நாற்பது வருடக் கடைக்காரர் யோசிக்காமல் பதில் சொல்லுவார். அந்த மாதத்துத் தாளில், கடைக் காலண்டரில், அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். தன் கையெழுத்தை மீற அந்தத் தலைமுறைக்காரர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் அப்படி இல்லை. அதற்கு ஓய்வான மாதம் என்று ஒன்று கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துக் கடைகளுக்குள் புகுந்தது. நனைந்த அரிசி மூட்டையும் ஊறிப்போன பேரேடும் வாரக்கணக்கில் நாறின. பாலிசி முடிந்து, 'புது வருஷத்தில் புதுப்பிப்போம்' என்று விட்டிருந்த கடைக்காரர்களும் அதில் உண்டு. சங்கரன்கோவிலுக்கு ஆறு வராதுதான். மின்கசிவு எந்த ஊருக்கும் வரும். ஒரே இடத்தில் ஐந்து கோடி வரை மதிப்புள்ள சொத்தும் சரக்கும் வைத்திருப்பவர்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுப் பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. தீ, வெள்ளம், புயல் எல்லாம் அடங்கும். எந்தப் பொது இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்கலாம். சரக்கு மதிப்பைக் குறைத்துச் சொல்லி பிரீமியத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். இதற்கு அப்பாவின் சம்மதத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். விலையைக் கேட்டு வந்து, தொகையை ஒரு சிட்டையில் எழுதி அவர் முன் வைத்தால் போதும். தொகை தெரியாத செலவுக்குத்தான் அப்பாமார் 'தை பிறக்கட்டும்' என்பார்கள்.

மறுபடியும் பில்லிங்குக்கு வருகிறேன். அப்பா ஏன் மூன்று வருடமாகத் தள்ளுகிறார் என்று யோசித்தீர்களா? பணமாக இருக்காது. அவருடைய கடையில், அவருடைய கல்லாவில், வாடிக்கையாளர் முன்னால், 'எலே, இதுல எதை அமுக்கணும்?' என்று மகனைக் கேட்டு நிற்க வேண்டிவருமே, அதுதான். இங்கே அவரைத் தடுத்து நிற்கிற ஆள் நீங்கள். எனவே முதலில் திரையில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். தமிழில் சரக்குப் பெயர் வருகிற மென்பொருளாகப் பாருங்கள். ராத்திரி கடை சாத்திய பிறகு, ஆள் யாரும் இல்லாதபோது சொல்லிக்கொடுங்கள், பகலில் வேண்டாம். முதல் மாதம் சிட்டையும் ஓடட்டும், கம்ப்யூட்டரும் ஓடட்டும். அன்றாடக் கல்லாக் கணக்கை மட்டும் வழக்கம்போல அவரே நோட்டில் எழுதட்டும். இரண்டும் பொருந்தாத நாள் வரும். அன்றைக்கு அவசரப்பட்டு அப்பா நோட்டைத் திருத்திவிடாதீர்கள், என் அனுபவத்தில் அநேகமாக அதுதான் சரியாக இருக்கும்.